ஒரு கட்டை சுருதியில் கேட்காத லிடியன்

செய்யாத ஒரு தப்பைச் செய்ததாக என் மகள் ஏன் ஒத்துக்கொண்டாள்? மூன்று மாதமாக யோசிக்கிறேன். பயத்திலா, சலிப்பிலா, என் வாயை மூடவா, இல்லை, நான் சொன்னதை உண்மையாகவே நம்பிவிட்டாளா? காலையில் ஒரு பதில் சரியென்று படுகிறது. பாத்திரம் தேய்க்கும்போது வேறொன்று. அவளிடமே கேட்டால், “தெரியலம்மா, மறந்துபோச்சு” என்கிறாள். அதையும் நான் முழுதாக நம்புவதில்லை.

அவளுக்கு எட்டு வயது. சனிக்கிழமை காலை கீபோர்டு கிளாஸ். நாங்கள் இருக்கும் தாபோடியிலிருந்து லோக்கல் ரயிலில் ஒரே ஸ்டேஷன், கட்கியில் இறங்கி நடந்தால் டீச்சர் வீடு. டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பார், வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் எடுப்பார். அவர் பேசும் தமிழில் பாதி ஹிந்தி இருக்கும். வெளியே லாரிச் சத்தம் அதிகம் என்பதால் கிளாஸ் நடக்கும்போது கதவைச் சாத்திவிடுவார். நான் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சாத்திய கதவு எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டால் சந்தேகப்படுகிற அம்மா என்று நினைப்பாரே என்று கேட்கவில்லை.

எனக்கும் கொஞ்சம் சங்கீதம் தெரியும். திருச்சியில் பள்ளி நாட்களில் ஆறு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டேன், வர்ணம் வரைக்கும். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. நன்றாகப் பாடினேன் என்று சொல்ல மாட்டேன், ஒழுங்காகப் பாடினேன். அந்தப் பழக்கத்தில், மகள் வீட்டில் பிராக்டிஸ் செய்யும்போது பழைய போனில் சுருதி ஆப்பைப் போட்டு கீபோர்டு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துவிடுவேன். தம்புரா மாதிரி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். சுருதி இல்லாமல் வாசிப்பது பல் தேய்க்காமல் காபி குடிப்பது போல எனக்கு. கீபோர்டில் ‘ஸ’ என்பது முதல் வெள்ளைக் கட்டை, அதனால் ஒரு கட்டை சுருதி. வாங்கிய நாளில் வைத்தது. அதற்குப் பிறகு அதைத் தொட்டதே இல்லை.

மழை தொடங்கிய சமயம் ஒரு சனிக்கிழமை, நோட்டில் புதிய பாடம் வந்தது. நாலாவது வெள்ளைக் கட்டையிலிருந்து தொடங்கி அடுத்த அதே கட்டை வரை, எட்டுக் கட்டைகள். கறுப்புக் கட்டை ஒன்றுகூடக் கிடையாது. மேலே பெயர்: லிடியன். கீழே டீச்சர் கையெழுத்தில் ஒரு கேள்வி: ‘இதைக் கேட்டால் எப்படி இருக்கிறது?’ அதற்கு அடியில் மகள் எழுதியிருந்தாள்: ‘லிஃப்ட் மேலே கிளம்பும்போது வயிற்றில் வருவது போல.’

அவளுடைய தியரிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நாலாவது கட்டையில் தொடங்கும் மேஜர் ஸ்கேலுக்கு ஒரு கறுப்புக் கட்டை வேண்டும் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. டீச்சர் அதை விட்டுவிட்டாரோ? இல்லை, கறுப்புக் கட்டை சின்னக் கைக்குக் கஷ்டம் என்று விட்டுவிட்டு, அதற்கு ஒரு பெரிய பெயர் வைத்துவிட்டாரோ? இணையத்தில் தேடினேன். லிடியன் என்று ஒன்று நிஜமாகவே இருந்தது. மேஜர் ஸ்கேலில் நாலாவது ஸ்வரத்தை அரைப்படி ஏற்றினால் லிடியன் என்றார்கள். பார்த்த வீடியோக்களில் எல்லாம் ஒரே பேச்சு: மிதக்கிற மாதிரி இருக்கும், மேலே தூக்கும்.

மேலே தூக்கும். லிஃப்ட். எனக்குச் சுருக்கென்றது. எட்டு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் தானாகத் தோன்றுமா? டீச்சர் சொல்லிக் கொடுத்து எழுத வைத்திருக்கிறார். அல்லது இவளே என் போனில் வீடியோவைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாள். போனில் பழைய தேடல்களைப் பார்த்தேன். என்னுடையவை மட்டும்தான் இருந்தன. அழித்திருப்பாளோ என்றுகூட யோசித்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு முன்கதை உண்டு. கோடை லீவுக்கு முன்பு டப்பாவில் கொடுத்த குடைமிளகாய் சப்ஜியைத் தினமும் காலி செய்துவிட்டு வந்தாள். சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஸ்கூல் வேனில் வரும் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு அவன் கொண்டுவரும் தேப்லா ரொட்டியைச் சாப்பிட்டிருக்கிறாள். “நீதான் சாப்பிட்டியா?” என்று நான் கேட்ட ஒவ்வொரு நாளும் “ஆமாம்மா” என்றிருக்கிறாள், கண் இமைக்காமல். பொய்யை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று நான் எங்கெங்கோ படித்திருந்தேன். அதிலிருந்து முளை தேடிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அவளைக் கீபோர்டு முன்னால் உட்கார வைத்தேன். சுருதியைப் போட்டேன்.

“லிடியன் வாசி.”

வாசித்தாள். நாலாவது கட்டையிலிருந்து ஏறி இறங்கினாள். எனக்குக் கேட்டது சாதாரண மேஜர் ஸ்கேல்தான், அதாவது எங்கள் சங்கராபரணம். ‘ம’விலிருந்து தொடங்கி ‘ம’வில் முடித்த மாதிரி இருந்தது. வேறு எதுவும் இல்லை.

“எங்க லிஃப்ட்?”

“இங்க வரலம்மா.”

“வரலன்னா?”

“மிஸ் வீட்ல வந்துச்சு. இங்க வரல.”

“அங்கயும் இதே கட்டைதானே? ஒண்ணாவது மாத்தி வாசிச்சியா?”

“இல்ல. இதேதான்.”

“அதே எட்டுக் கட்டை, அதே விரலு. அங்க வரும், இங்க வராதா?”

சோபாவில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கினார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சாகணில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இஞ்சினியர். “அரே, குழந்தை சொல்லுதுன்னா ஏதாவது இருக்கும்ல. எங்க பிளான்ட்ல கூட மெஷின் அங்க ஒரு மாதிரி சத்தம் போடும், இங்க கொண்டுவந்தா போடாது.”

“நீங்க சும்மா இருங்க. இது மெஷின் இல்ல.”

“சரி, நான் சும்மா. பக்கா சும்மா.” பேப்பரை மறுபடியும் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து முறை வாசிக்க வைத்தேன். ஒவ்வொரு முறையும் கேட்டேன், இப்ப வித்தியாசம் தெரியுதா, இப்ப தெரியுதா என்று. நான் கத்தவில்லை. கத்தாமல் கேட்பதுதான் சரி என்று படித்திருந்தேன். ஐந்தாவது முறை அவள் கட்டைகளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

“இல்லம்மா. வித்தியாசம் இல்ல.”

“அப்ப நோட்டுல எழுதினது?”

“பொய்.”

“மிஸ் எழுதச் சொன்னாங்களா?”

“இல்ல. நானே சும்மா எழுதினேன்.”

“உண்மைய ஒத்துக்கிட்டதுக்கு அம்மா திட்ட மாட்டேன்” என்றேன். அவளைக் கட்டிக்கொண்டேன். மத்தியானம் அவளுக்குப் பிடித்த சாபுதானா கிச்சடி, ஜவ்வரிசியில், செய்தேன். நல்ல அம்மாவாக ஒரு காரியம் செய்து முடித்த நிறைவு அன்றைக்கு இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

அடுத்த சனிக்கிழமை கிளாஸ் முடிந்து கதவு திறந்ததும் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பச்சா இன்னிக்கு ரொம்ப சுப்பா, பேசாமலே இருந்துச்சு மா. கை எல்லாம் ஏ-ஒன். ஆனா எப்படி கேக்குதுன்னு கேட்டா, ‘சும்மா சொன்னேன் மிஸ்’ங்குது. போன வாரம் இதே பொண்ணுதான் தோ மினிட், ஃபுல்லா ரெண்டு நிமிஷம் பேசிச்சு. வீட்ல ஏதாவது ஆச்சா?”

“ஒண்ணுமில்லையே” என்றேன். “உண்மையத்தான் சொல்லியிருப்பா. நீங்க கேக்கிற கேள்வி அவ வயசுக்குக் கொஞ்சம் அதிகமோ என்னவோ.”

“அதிகம் எல்லாம் கிடையாது. பச்சாங்களுக்குத்தான் அது சீக்கிரம் கேக்கும். நமக்குத்தான் காதுக்குள்ள ஆல்ரெடி யாராவது உக்காந்திருப்பாங்க.” சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரயிலில் வரும்போது அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாரைச் சொல்கிறார்? வீட்டில் ஏதாவது ஆச்சா என்று எதற்குக் கேட்டார்? குழந்தையிடம் எங்கள் வீட்டைப் பற்றி என்ன பேசுகிறார்? அந்தச் சாத்திய கதவு திரும்பவும் மனசுக்குள் வந்து நின்றது.

அதற்கு அடுத்த வாரம் நான் செய்தது இது. சுருதி ஆப் இருக்கும் அந்தப் பழைய போனில் ஒலிப்பதிவைப் போட்டு, மகளுடைய மியூசிக் பையில் நோட்டுக்குப் பின்னால் வைத்து அனுப்பினேன். அந்த முக்கால் மணி நேரமும் வராந்தாவில் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம்தான். குழந்தை கண்டுபிடித்தால் என்ன நினைப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் அவள் கீழே விளையாடப் போனதும் சமையலறையில் நின்றுகொண்டு இயர்போனில் கேட்டேன். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. விரலை உயர்த்து, தோளைத் தளர்த்து, தண்ணி குடி. முதலில் அவள் சாதாரண மேஜர் ஸ்கேலை வாசித்தாள். அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம், ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி. பிறகு லிடியன். எட்டு வெள்ளைக் கட்டைகள் ஏறின.

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

அது கல்யாணி. ஆறு வருஷம் பாட்டுக் கற்ற எனக்குக் கல்யாணி தெரியாமல் போகாது. அந்த நாலாவது ஸ்வரத்தில், உயர்ந்த ‘ம’வில், தரை சற்று விலகிய மாதிரி இருந்தது. லிஃப்ட் என்று அவள் சொன்னதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியவில்லை.

என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? டீச்சர் தன் கீபோர்டில் ஏதோ செய்துவைத்திருக்கிறார் என்பதுதான். திரும்பவும் ஓட்டிக் கேட்டேன். மூன்றாவது முறைதான் ‘ஃபிரிட்ஜ்’ சத்தம் உறைத்தது. மேஜர் ஸ்கேலின்போது அது ஒரு உயரத்தில் இருந்தது, லிடியனின்போது வேறு உயரத்தில். ஃபிரிட்ஜ் அப்படி மாறாது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் அடிக்கட்டையை அழுத்திப் பிடித்திருக்கிறார். குழந்தை எங்கே தொடங்குகிறாளோ அந்தக் கட்டையை. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் அந்த அடிச் சத்தம் எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

கீபோர்டுக்குப் போய், ஆப்பில் சுருதியை ஒரு கட்டையிலிருந்து நாலு கட்டைக்கு மாற்றினேன். அதே எட்டுக் கட்டைகளை வாசித்தேன். கல்யாணி. திரும்ப ஒரு கட்டைக்கு மாற்றினேன். சங்கராபரணம்.

சங்கீதம் தெரியாதவர்களுக்காக எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். லிடியன் என்பது அந்த எட்டுக் கட்டைகளில் மட்டும் இல்லை. அவற்றுக்கு அடியில் எது ‘ஸ’ என்று ஓடிக்கொண்டிருக்கிறதோ அதில் இருக்கிறது. ஏழாவது வெள்ளைக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டை ‘ஸ’ என்றால் இது ‘நி’, மேல் ‘ஸ’வுக்குத் தாவக் காத்திருக்கும். நாலாவது கட்டை ‘ஸ’ என்றால் இதே கட்டை ‘ம’ ஆகிவிடும், அதுவும் உயர்ந்த ‘ம’. கட்டையில் எதுவும் மாறவில்லை. எங்கிருந்து எண்ணுகிறோம் என்பது மாறிவிட்டது. நான் ஒரு கட்டையில் சுருதியை ஓடவிட்டுவிட்டு, அதன் மேல் அவளை நாலாவது கட்டையிலிருந்து வாசிக்க வைத்து, லிஃப்ட் எங்கே என்று கேட்டிருக்கிறேன். என் சுருதிதான் அவளுடைய லிடியனை அழித்துக்கொண்டிருந்தது.

இதில் இன்னொரு கொடுமை. இது எனக்குத் தெரியும். சங்கராபரணத்தின் ‘ம’வை ‘ஸ’வாக வைத்தால் கல்யாணி வரும், இதற்குக் கிரக பேதம் என்று பெயர் என்று பள்ளி நாட்களில் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். சிவப்பு மையில் அடிக்கோடெல்லாம் போட்டேன். ஒருநாளும் காதால் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பதிவை விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஓட்டினேன். டீச்சர் கேட்கிறார்: “இப்ப சொல்லு கண்ணு, எப்படி இருக்கு? அந்த லிஃப்ட் இருக்கா?” பிறகு என் மகளின் குரல், ஸ்கூலில் கேட்பது போல, பணிவாக:

“மிஸ், சரியான ஆன்சர் என்ன?”

இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, நாலு கட்டை சுருதியைப் போட்டு, “இப்ப வாசி” என்றேன். வாசித்தாள். அந்தக் கட்டை வந்ததும் விரல் ஒரு கணம் நின்றது. நான் பார்த்தேன். உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“உனக்குக் கேக்குதாம்மா?”

“கேக்குது.”

“அப்ப எனக்கும் கேக்குது.”

“நீ அன்னிக்குச் சொன்னது சரிடா. அம்மாதான் சுருதியத் தப்பா வெச்சிருந்தேன். நீ பொய் சொல்லல.”

கொஞ்சம் யோசித்தாள். “ஆனா நான் பொய்னு சொன்னேனே. அது பொய்யா?”

“ஆமா. அதாவது... அம்மா கேட்டுக்கிட்டே இருந்ததால...”

“அதுக்குத் திட்டுவியா?”

மாட்டேன் என்றேன். அம்மா மேல்தான் தப்பு, மன்னிச்சிடு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, கீழே பேட்மிண்டன் விளையாடப் போகலாமா என்று கேட்டாள். போனாள். அவ்வளவுதான். மூன்று மாதம் ஆகிறது. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், குடைமிளகாயைத் தவிர. டோரியன் என்று இன்னொன்றும் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் நோட்டில் ‘எப்படி இருக்கிறது’ என்ற கேள்விக்குக் கீழே அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. டீச்சர் ஒரு சின்ன மெட்டு நீயாகப் போட்டுக்கொண்டு வா என்று மூன்று வாரமாகச் சொல்கிறார். அவள் மூன்று கட்டைகளை அழுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் சமையலறைக்குள் போய்விட்டால் வாசிப்பு நின்றுவிடுகிறது. நான் திரும்பி வந்தால் தொடங்குகிறது. அவள் காதுக்குள் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

கணவர், “பதிவ அழிச்சிடு, மேட்டர் கதம்” என்கிறார். நான் இன்னும் அழிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. டீச்சர் வீட்டுக்குள் அவருக்குத் தெரியாமல் பதிவு செய்தது தப்பு என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. அவரிடம் இந்தச் சனிக்கிழமை போய்ச் சொல்லப் போகிறேன். வேறு டீச்சரைப் பார்த்துக்கொள் என்று சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மகள் விஷயத்தில்தான் எனக்கு வழி தெரியவில்லை. ‘சரியான ஆன்சர்’ என்று அதில் ஒன்றும் இல்லை, உனக்குக் கேட்டதுதான் ஆன்சர் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவள் டீச்சரிடம் அப்படிக் கேட்டது எனக்கு எப்படித் தெரியும் என்று உடனே கேட்பாள். அவள் கேட்காமல் விடுகிற குழந்தை இல்லை. உண்மையைச் சொன்னால், தன் பையைக்கூட நம்பக்கூடாது என்று எட்டு வயதில் தெரிந்துகொள்வாள். சொல்லாமல் சுற்றி வளைத்தால், பொய்யை முளையில் கிள்ள வந்த நானே ஒன்றை நட்டு வளர்க்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பெற்றோர்கள் இருப்பீர்கள். குழந்தையைச் சந்தேகப்பட்டு, ஒளிந்து கேட்டு, குழந்தை சொன்னதுதான் சரி என்று தெரிந்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்த ஒளிந்து கேட்டதைக் குழந்தையிடம் சொன்னீர்களா? எத்தனை வயதில்? அதற்குப் பிறகு அவள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசத் தொடங்க எவ்வளவு நாள் ஆயிற்று? சொல்லாமல் விட்டவர்களும் எழுதுங்கள். எதையாவது ஒன்றைச் செய்துவிடுவதற்குள் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.